நல்ல கைக்கு உறை, மற்ற கைக்கு வேலை

ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வலது கைப் பழக்கமோ இடது கைப் பழக்கமோ வருவதில்லை. கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் காட்டுகிறோமோ அந்தப் பக்கத்துக் கைதான் நீளும். ஆறேழு மாதத்திலேயே ஒரு கை மட்டும் எப்போதும் முந்துகிறது, மற்றது கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டே கிடக்கிறது என்றால் அதைக் கைப்பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. மூளைச் சேதத்தால் உடலின் வலது பக்கம் பாதித்த குழந்தைகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. "தாத்தா மாதிரி இவனும் இடக்கைக்காரன்" என்று வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டு, நடக்கிற வயதில் ஒரு கால் நுனியில் ஊன்றுவதைப் பார்த்த பிறகே டாக்டரிடம் போகிறார்கள். கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வருடம் அதற்குள் போய்விடுகிறது.

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதித்திருக்கும். மருத்துவச் சீட்டில் ஹெமிபிளீஜியா என்று இருக்கும். பெரும்பாலும் கருவிலோ பிறப்பையொட்டியோ மூளையின் ஒரு பாதியில் ரத்தக்குழாய் அடைத்தோ கசிந்தோ உண்டான சேதம், எதிர்ப்பக்கக் கை காலில் தெரிகிறது. இவர்களில் பெரும்பாலோர் நடந்துவிடுவார்கள், மற்ற பிள்ளைகளோடு பள்ளிக்கும் போவார்கள். ஒரே கையையும் பல்லையும் தொடையிடுக்கையும் வைத்து எந்த வேலையையும் முடித்துவிடும் சாமர்த்தியமும் வந்துவிடும். கைக்கு எதிரி அந்தச் சாமர்த்தியம்தான். பாதித்த கைக்கு ஓரளவு நீட்டவும் பிடிக்கவும் தெம்பு இருந்தாலும், நல்ல கை இரண்டு மடங்கு வேகத்தில் முடித்துவிடுவதால் அதற்கு வேலையே வருவதில்லை. வேலை வராத கைக்கு மூளையிலும் இடம் விரிவதில்லை.

நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தி, பாதித்த கைக்குத் தீவிரமாகப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சைக்கு கன்ஸ்ட்ரெயின்ட் இன்ட்யூஸ்டு மூவ்மென்ட் தெரபி, சுருக்கமாக சி.ஐ.எம்.டி. என்று பெயர். இதன் வேர் எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குரங்குச் சோதனைகளில் இருக்கிறது. ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்ததும் குரங்கு அந்தக் கையை அடியோடு கைவிட்டது. நல்ல கையைக் கட்டிவைத்தபோது கைவிட்ட கை மறுபடி வேலைக்கு வந்தது. நரம்புச் சேதம் ஒரு பக்கம், 'இந்தக் கை உதவாது' என்று உடல் கற்றுக்கொண்ட பாடம் இன்னொரு பக்கம் என்று அவர் பிரித்துக் காட்டினார். (1981இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங் ஆய்வகத்தில் அந்தக் குரங்குகள் இருந்த நிலை பெரிய வழக்காகி, விலங்கு உரிமை இயக்கத்துக்கே திருப்புமுனையானது தனிக்கதை.) பின்னர் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு இதைச் சிகிச்சையாக வளர்த்தார். 2004இல் அதே குழு 18 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. நல்ல கைக்கு மாவுக்கட்டு, தினம் 6 மணி நேரப் பயிற்சி, 21 நாட்கள்.

பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பக்கவாதம் வந்தவர் மறந்த ஒன்றைத் திரும்பப் பிடிக்கிறார். பிறவியிலிருந்தே ஹெமிபிளீஜியா உள்ள குழந்தைக்குத் திரும்பப் பிடிக்க எதுவுமில்லை. டம்ளரைச் சுற்றி விரல் எவ்வளவு விரிய வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கை முதன்முறையாகக் கற்கிறது. அதனால் கட்டிவைத்தால் தானாக வந்துவிடும் என்ற கணக்கு குழந்தைகளிடம் பலிக்காது. கட்டு, பயிற்சிக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. பலன் தருவது பயிற்சியும் அதன் அளவும்தான். இந்தச் சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டுத் துணியைச் சுற்றிவிட்டு, பிள்ளையை டிவி முன் உட்காரவைக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே நடப்பது சிகிச்சை இல்லை. ஒரு கை முடங்கியிருந்த குழந்தைக்கு இரண்டு கையும் முடங்கியிருக்கிறது, அவ்வளவே.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு 36 ஆய்வுகளை, 1,264 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தது. குறைந்த அளவு வழக்கமான பயிற்சியோடு ஒப்பிட்டால் சி.ஐ.எம்.டி. மேலாக இருக்கலாம். அதே மணிக்கணக்கில் இரு கைப் பயிற்சி (உறை இல்லாமல் இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலைகள்) கொடுத்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழு 42 குழந்தைகளுக்கு இரண்டு முறையிலும் 90 மணி நேரம் கொடுத்துப் பார்த்தபோதும் கைத்திறன் சமமாகவே உயர்ந்தது. குடும்பம் தேர்ந்தெடுத்த அன்றாடக் குறிக்கோள்களில் இரு கைப் பயிற்சி கொஞ்சம் முந்தியது. 2021இல் வெளியான சேம்ப் (CHAMP) என்ற ஆய்வு 2 முதல் 8 வயதுவரையிலான 118 குழந்தைகளைக் கொண்டது. மொத்தம் 60 மணி நேரம் பெற்றவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது, 30 மணி நேரக்காரர்கள் வழக்கமான சிகிச்சையைத் தெளிவாகத் தாண்டவில்லை. நாள் முழுக்க மாவுக்கட்டா, பயிற்சி நேரத்தில் மட்டும் ஸ்பிளின்ட்டா (கழற்றி மாட்டக்கூடிய தாங்குபட்டை) என்பது முடிவை மாற்றவில்லை. அப்படியிருக்க, நம் வெயிலில், நம் வீடுகளில், மூன்று வாரம் கழற்றாத மாவுக்கட்டை ஒரு குழந்தைக்குப் போடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

யாருக்குப் பொருந்தும்? ஒரு பக்கம் மட்டும் பாதித்திருக்க வேண்டும், அல்லது இரு பக்கமும் பாதித்து ஒரு பக்கம் மிக வெளிப்படையாகப் பின்தங்கியிருக்க வேண்டும். பாதித்த கை கொஞ்சமாவது பொருளை நோக்கி நீள வேண்டும், பெரிய பொருளையாவது பிடித்து எப்படியோ விட வேண்டும். விரல்களே திறக்காத கைக்கு இதைக் கொடுத்தால் தினம் இரண்டு மணி நேரம் தோல்வியைத்தான் பழக்குவோம். அங்கே முதலில் ஸ்பிளின்ட், இறுக்கத்துக்கு ஊசி, இரு கையாலும் அணைத்துப் பிடிக்கும் வேலைகள் என்று போக வேண்டும். வலிப்பு அடிக்கடி வரும் குழந்தைக்கு முதலில் நரம்பியல் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது, ஏனென்றால் விழும்போது ஊன்ற நல்ல கை வேண்டும். பாதித்த பக்கத்துப் பார்வைப் பரப்பே இல்லாத குழந்தைகளும் உண்டு. பொருளை அந்தப் பக்கம் வைத்துவிட்டு 'கவனிக்கவே மாட்டேங்கிறான்' என்று சொல்வதற்கு முன் கண் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

இனி உறை. கழுத்தில் தொங்கும் ஸ்லிங் போட்டால் கை உடலோடு ஒட்டிவிடும், தடுக்கினால் ஊன்ற முடியாது. ஓடித் திரியும் குழந்தைக்கு அது ஆபத்து. உட்கார்ந்து செய்யும் நேரத்துக்கு மட்டும் ஆகும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழு பயன்படுத்திய கையுறை வீட்டுக்குச் சிறந்தது. உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு தைத்த துணி உறை. விரலை மடக்கிப் பிடிக்க முடியாது; விழுந்தால் கையை ஊன்றலாம், பொருளை அழுத்திக்கொள்ளவும் செய்யலாம். தையல்காரரிடம் இதைத் தைத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. மெல்லிய பருத்தித் துணியில், கட்டைவிரலுக்குத் தனி அறை இல்லாமல், பை போலத் தைக்க வேண்டும். தகடு விரல் நுனியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி நாலு விரற்கடை நீள வேண்டும், ஓரங்கள் துணிக்குள் மடிந்திருக்க வேண்டும். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை, அதன் நுனி குழந்தையின் பல்லுக்கு எட்டாத வெளிப்பக்கத்தில். இரண்டு உறையாகத் தைத்தால் வியர்த்ததை மாற்றித் துவைத்துப் போடலாம்.

உறையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தோலைப் பார்க்க வேண்டும். விரல் வீங்கியிருந்தால், நகம் வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த உறை தவறு. குளியல், கழிவறை, தூக்கம், மாடிப்படி, சாலை இவற்றில் உறை கிடையாது. உறையைத் தண்டனையாக ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அதோடு பயிற்சித் திட்டமே முடிந்தது. யானைத் தும்பிக்கையாகவோ முதலை வாயாகவோ முகம் தைத்துக் கொடுத்து 'இப்போ இது தூங்கப் போகுது' என்றால் மூன்று வயதுக்காரர் ஒப்புக்கொள்வார். ஏழு வயதுக்காரரிடம் அது எடுபடாது. அவரிடம் எத்தனை மணி நேரம், எதற்காக என்று நேராகப் பேசிக் காலண்டரில் அவரையே டிக் போடச் சொல்ல வேண்டும். அக்காவுக்கும் ஒரு உறை மாட்டிவிட்டுப் போட்டி வைப்பது எல்லா வயதிலும் பலிக்கிறது.

நேரக் கணக்குக்கு வருவோம். தினம் 2 மணி, வாரம் 6 நாள், 5 வாரம் என்றால் 60 மணி. ஒன்றரை மணியாக வாரம் 5 நாள் என்றால் 8 வாரம். எலியாசன் குழு ஒன்றரை வயது முதல் நான்கு வயதுவரையான குழந்தைகளுக்கு தினம் 2 மணியாக இரண்டு மாதம் திட்டமிட்டது. 2013இல் டெல்லி எய்ம்ஸ் ஆய்வில் 4 வாரத்தில் 2 மணி நேர அமர்வு பத்து, மற்ற நாட்களில் வீட்டில் 2 மணி என்று வைத்துக்கொண்டார்கள். தினமும் மருத்துவமனைக்கு அலைய முடியாத நம் குடும்பங்களுக்கு இந்த அமைப்புதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு மணியையும் ஒரே இருப்பில் செய்ய வேண்டியதில்லை; அரை அரை மணியாகப் பிரிக்கலாம். எண்ண வேண்டியது கை வேலை செய்த நேரத்தை, உறை மாட்டியிருந்த நேரத்தை அல்ல. இடையில் அரை மணி கார்ட்டூன் பார்த்திருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். பள்ளிக் குழந்தைக்கு மே மாத விடுமுறைதான் வசதி. பரீட்சைக் காலத்தில் தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் நின்றுபோகும்.

அந்த இரண்டு மணியில் என்ன செய்வது? இங்கேதான் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் கைவண்ணம் இருக்கிறது. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, குழந்தையால் இன்று முடிகிற எல்லைக்கு ஒரு அங்குலம் மேலே வைக்க வேண்டும். பத்து முறை செய்யச் சொல்லுங்கள். ஏழெட்டு முறை முடிந்தால் கொஞ்சம் கடினமாக்கலாம். நாலைந்துக்குக் கீழே என்றால் ஒரு படி இறங்க வேண்டும். ஏறும்போது ஒரே ஒரு அம்சத்தை மாற்றுங்கள். பொருளையும் சிறியதாக்கி, தூரத்தையும் கூட்டி, வேகமும் கேட்டால் எது தடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

விடுவதை எடுத்துக்கொள்வோம். பிடிப்பதைவிட விடுவது இவர்களுக்குக் கடினம், ஏனென்றால் விரல் மடக்கும் தசைகள் இறுகியிருக்கின்றன. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல்கள் தாமாகத் திறக்கும். குழந்தைகள் இந்தக் குறுக்கு வழியை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். முதல் படியில் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். துணிப்பந்தைத் தரையில் இருக்கும் அகல வாளிக்குள் போடச் சொல்லுங்கள். அடுத்து வாளிக்குப் பதில் மேசை மட்டத்தில் ஒரு பாத்திரம், பிறகு அந்தப் பாத்திரத்தை ஒரு ஸ்டூல் மேல் உயர்த்துங்கள். உயரம் கூடக்கூட மணிக்கட்டை நிமிர்த்திக்கொண்டே விரலைத் திறக்க வேண்டிவரும், நமக்கு வேண்டியதும் அதுதான். அதன் பின் பாத்திரத்தின் வாயைக் குறுக்கலாம், பந்தை எலுமிச்சை அளவாக்கலாம். பிளாஸ்டிக் டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்குவது இந்த வரிசையின் உச்சிக்கு அருகில் வரும், ஏனென்றால் சரியாக விடாத கை அடுக்கையே தள்ளிவிடும்.

உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது இன்னொரு பெரிய தடை. உண்டியலின் துளையைத் திருப்பித் திருப்பி வைத்துக் காசு போடச் சொல்வது, சீட்டுகளைப் புரட்டுவது, உள்ளங்கையில் கடலையை வைத்து நான்கடி நடந்து தாத்தாவிடம் கொடுப்பது எல்லாம் இதற்குத்தான். தோளும் முழங்கையும் நீள்வதற்கு அலமாரிக் கண்ணாடி இருக்கிறது. உயரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே இன்னொரு இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நீட்டலும் நுனிவிரல் பிடியும் ஒரே விளையாட்டில் கிடைக்கும். பல்லாங்குழி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது: அள்ளுதல், கைக்குள் வைத்திருத்தல், ஒவ்வொன்றாக விடுதல். ஆனால் ஒவ்வொன்றாக விடுவது மிகக் கடினமான திறன், ஆகவே முதலில் குழிக்கு ஒரு காய் மட்டும் வைத்து இடம் மாற்றட்டும். புளியங்கொட்டை நழுவும்; சோழி பெரியதாக இருப்பதால் தொடங்க எளிது. மூன்று வயதுக்குக் கீழே இரண்டுமே வேண்டாம், வாய்க்குள் போய்விடும்.

உட்காரும் விதத்தைப் பலர் கவனிப்பதில்லை. பாதம் முழுதாக ஊன்றி, மேசை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டால் குழந்தை நல்ல பக்கத்துக்கு எடையைத் தள்ளிச் சாய்ந்துவிடும், பாதித்த தோள் உயர்ந்து இறுகும். ஒரு மணைப்பலகையும் எதிரே குட்டி மேசையும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். உடம்பைச் சாய்த்து எட்டுகிறது என்றால் 'நேரா உட்கார்' என்று அதட்டுவதைவிடப் பொருளை இரண்டு அங்குலம் அருகே நகர்த்துவது மேல்.

பெரியவர்கள் செய்யும் பெரிய கெடுதல், குழந்தையின் கையைப் பிடித்துத் தாமே நகர்த்துவது. அன்புதான் காரணம். ஆனால் நகர்த்தியது பாட்டியின் தசை. குழந்தையின் மூளை அதில் எதையும் திட்டமிடவில்லை. வேலையை எளிதாக்குங்கள், பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கையை விட்டுவிடுங்கள். பாராட்டும் குறிப்பாக இருக்கட்டும். 'சூப்பர் கண்ணா' என்பது எல்லாவற்றுக்கும் பொது. 'இந்தத் தடவை விரலை நல்லா விரிச்சே' என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று தெரியும். இன்னொரு தவறு, உறையோடு இருக்கும்போது இரு கை வேலை கொடுப்பது. டிபன் பாக்ஸைத் திற, ஷூ லேஸ் கட்டு என்று கேட்டால் அழுகைதான் வரும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தகராறு சாப்பாட்டில் வரும். இடது பக்கம் பாதித்த குழந்தைக்கு வலது கையில் உறை. இடது கையில் முறுக்கை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனால் பாட்டி தட்டிவிடுவார். இதை முதல் நாளே பேசித் தீர்க்க வேண்டும். முறுக்கு, ஆப்பிள் துண்டு போன்ற தின்பண்டம் பயிற்சி நேரத்தில் மட்டும் இடது கையில். சோறு எப்போதும் உறை கழற்றி வலது கையில். உண்மையில் இடது கையால் சோறு பிசைவது அந்தக் குழந்தைக்கு வாழ்க்கையில் தேவைப்படாத திறன். தட்டை அசையாமல் பிடிப்பது, தண்ணீர் டம்ளரை எடுப்பது, மக்கைப் பிடித்துக் கழுவிக்கொள்வது ஆகியவை தேவை. கடைசியில் சொன்னதைத் தாய்மார்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதைவிட முக்கியமான குறிக்கோள் குறைவு. வலது பக்கம் பாதித்திருந்தால் கதை வேறு. அந்தக் குழந்தை இடது கையால் எழுதும், இடது கையால் சாப்பிடும். அதை மாற்ற இந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தாதீர்கள். பாதித்த கை எந்தப் பயிற்சிக்குப் பிறகும் உதவிக் கையாகத்தான் இருக்கும். நல்ல உதவிக் கையாக அதை ஆக்குவதே இலக்கு.

அதனால்தான் பயிற்சித் திட்டத்தின் கடைசிப் பகுதியை இரு கை வேலைக்கு ஒதுக்க வேண்டும். 60 மணியில் கடைசி 15, 20 மணியாவது உறை இல்லாமல். ஒரு கையில் கற்ற பிடி, தானாக இரு கை வேலைக்குள் நுழைந்துவிடாது. பட்டாணி உரிப்பது, வாழைப்பழத் தோல் நீக்குவது, கைக்குட்டை பிழிவது, சப்பாத்தி மாவை இரு உள்ளங்கையில் உருட்டுவது, தண்ணீர் பாட்டில் மூடி திறப்பது என்று வேலைக்குப் பஞ்சமில்லை. பாதித்த கைக்கு என்ன பங்கு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இது பிடிச்சுக்கும், அது திறக்கும்.' பங்கு சொல்லாவிட்டால் பாட்டில் தொடையிடுக்குக்குப் போய்விடும்.

கைக்குழந்தைகளுக்கு முறையே வேறு. எலியாசன் குழுவின் திட்டத்தில் 3 முதல் 8 மாதத்துக்குள் தொடங்கி, தினம் 30 நிமிடம், வாரம் 6 நாள், 6 வாரம். பிறகு 6 வாரம் ஓய்வு. மறுபடி 6 வாரம். நல்ல கைக்குச் சாதாரணக் காலுறையோ மென்மையான உறையோ போதும், மெல்லிய பிடி உள்ள கிலுகிலுப்பையைப் பாதித்த கைக்கு எட்டும் இடத்தில் நீட்டி, பெற்றோரே செய்கிறார்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது மசாஜோடு; கையை இயக்கப் பழக்கிய குழந்தைகளின் கை அதிகம் முன்னேறியது. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை நிறுத்த வேண்டியதில்லை, கைப் பயிற்சிக்கு அது ஈடாகாது. இந்த வயதில் நல்ல கையும் வளர்ந்துகொண்டிருப்பதால் மணிக்கணக்கில் கட்டிவைப்பது கூடவே கூடாது.

தொடங்குமுன் அளக்க வேண்டும். உதவிக் கையின் பங்கை அளக்க ஏ.ஹெச்.ஏ. என்ற சோதனை இருக்கிறது. பயிற்சி பெற்ற தெரபிஸ்ட், குறிப்பிட்ட பொம்மைகளோடு குழந்தை விளையாடுவதை வீடியோ எடுத்து மதிப்பெண் இடுவார். அது கிடைக்காவிட்டால் போனில் மூன்று வேலைகளைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மேசை, அதே டப்பா, அதே கோணம். பயிற்சித் திட்டம் முடிந்ததும் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. முன்னேற்றம் சில விநாடிகளிலும் சில சென்டிமீட்டரிலும் இருக்கும், படம் இல்லாமல் நினைவில் வைத்து ஒப்பிட முடியாது. குறிக்கோள் இரண்டு மூன்று போதும், அவையும் 'கை சரியாகணும்' என்று இல்லாமல் 'சட்டையைப் பாதித்த கையால் இழுத்துப் பிடித்துக் கீழ்ப் பட்டன் இரண்டைப் போடணும்' என்ற அளவில் இருக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் தெரபிஸ்டைப் பார்த்துத் திட்டம் போட்டுக்கொள்ளலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா காப்பீடு மூளை முடக்குவாதத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஒரு சுற்றோடு முடிவதில்லை. வருடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு, ஒவ்வொரு முறையும் புதிய குறிக்கோளோடு. முந்தைய சுற்றில் குழந்தை வெறுத்துப் போயிருந்தால் அடுத்ததை உறையே இல்லாமல் முழுக்க இரு கைப் பயிற்சியாகச் செய்யலாம். மணிக்கணக்கு குறையாதவரை இழப்பு எதுவும் இல்லை. பத்து, பன்னிரண்டு வயதில் எலும்பு வேகமாக நீளும்போது தசை பின்தங்கி இறுக்கம் திடீரெனக் கூடும். அப்போது கற்ற பிடி மறைந்ததுபோல் தெரிந்தால் இன்னொரு சுற்றுக்கு அவசரப்படாமல் மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து எவ்வளவு நிமிர்கின்றன என்று முதலில் தெரபிஸ்டிடம் அளந்து பாருங்கள்.